1919-லேயே தன்பாலீர்ப்பு பற்றி ஒரு படம்: யார் இந்த டாக்டர் ஹிர்ஷ்ஃபெல்ட்?

1933 மே மாதம். பாரிஸில் ஒரு சினிமா தியேட்டர். நியூஸ் ரீல் ஓடிக்கொண்டிருக்கிறது. டிவி இல்லாத காலம் அது. ஊர் உலகத்தில் என்ன நடக்கிறது என்பதை மக்கள் தியேட்டரில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். திரையில் பெர்லின் நகரம். ராத்திரி நேரம். பெரிய சதுக்கத்தின் நடுவே தீ கொழுந்துவிட்டு எரிகிறது. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து புத்தகங்களை அதில் வீசுகிறார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், கண்ணாடி போட்ட, அடர்த்தியான மீசை வைத்த, 65 வயது ஜெர்மன் டாக்டர். அங்கே எரிந்துகொண்டிருந்தவற்றில் அவர் 30 வருஷத்துக்கும் மேலாகச் சேர்த்த நூலகமும் இருந்தது. அவருடைய மார்பளவுச் சிலையையும் ஊர்வலமாகத் தூக்கிவந்து தீயில் போட்டார்கள். சொந்த வாழ்க்கை எரிவதை அவர் ஒரு தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

அவர் பெயர் மேக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். சினிமா திரைக்கும் அவருக்கும் அதற்கு முன்பே ஒரு கணக்கு உண்டு. 1919-ல் வெளியான ‘ஆண்டர்ஸ் அல்ஸ் டி ஆண்டர்ன்’ என்ற மௌனப் படத்தின் கதையை இயக்குநருடன் சேர்ந்து எழுதியவர் அவர். அதில் டாக்டராக நடித்தவரும் அவரே. மற்றவர்களிலிருந்து வேறுபட்டவன் என்பது தலைப்பின் பொருள். தன்பாலீர்ப்புள்ள ஒருவரைக் கேலிப் பொருளாகவோ வில்லனாகவோ காட்டாமல், அவர் பக்கம் நின்று வெளிப்படையாகப் பேசிய முதல் படம் என்று சினிமா வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். இதற்கு 3 வருஷம் முன்பு ஸ்வீடனில் மாரிட்ஸ் ஸ்டில்லர் எடுத்த ‘விங்கார்னே’ படத்திலும் இந்த விஷயம் உண்டு. ஆனால் அது பூடகமாகச் சொன்னது. இது நேரடியாகவே சட்டத்தோடு மோதியது.

ஒரு டாக்டருக்கு சினிமாவில் என்ன வேலை? அதைப் புரிந்துகொள்ள அவர் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள்

ஹிர்ஷ்ஃபெல்ட் 1868 மே 14-ல் பால்டிக் கடலோர ஊரான கோல்பெர்க்கில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது பிரஷ்யாவில் இருந்த அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அப்பாவும் டாக்டர்தான், ஊரில் நல்ல மரியாதை. மகன் முதலில் மொழியியல் பக்கம் போய்விட்டு, பிறகு மருத்துவத்துக்கு மாறினார். படிப்பு முடிந்து மாக்டெபர்க்கில் கொஞ்ச காலம் பிராக்டிஸ். 1896-ல் பெர்லினை ஒட்டிய ஷார்லாட்டன்பர்க்குக்கு வந்து சேர்ந்தார்.

அவரைத் திசை திருப்பியது ஒரு நோயாளியின் மரணம். ராணுவ அதிகாரியான ஓர் இளைஞர். தன்பாலீர்ப்பாளர். வீட்டில் பெண் பார்த்துத் திருமணம் நிச்சயித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாள் அவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். சாவதற்கு முன்பு தன் குறிப்புகளை ஹிர்ஷ்ஃபெல்டுக்கு அனுப்பியிருந்தார். தன்னைப் போன்றவர்களுக்காக டாக்டர் ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். அதே காலகட்டத்தில்தான், 1895-ல், லண்டனில் ஆஸ்கர் வைல்டுக்கு 2 ஆண்டு கடுங்காவல் கிடைத்திருந்தது. ஐரோப்பா முழுக்க அந்த வழக்கின் பேச்சாக இருந்தது.

1896-லேயே ஹிர்ஷ்ஃபெல்ட் ஒரு சிறுநூல் எழுதினார். ஆணை ஆண் விரும்புவதும் பெண்ணைப் பெண் விரும்புவதும் இயற்கையில் உள்ளதுதான் என்று அதில் வாதாடினார். ஆனால் சொந்தப் பெயரில் வெளியிடவில்லை, புனைபெயரில்தான் போட்டார். மறுவருஷம், 1897 மே மாதம், நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ‘அறிவியல் மனிதநேயக் குழு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்காக உலகில் தொடங்கப்பட்ட முதல் அமைப்பு இது.

அதன் குறி ஒன்றே ஒன்று. ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175-வது பிரிவு.

175 என்ற எண்

1871-ல் ஜெர்மனி ஒரே நாடாக ஆனபோது வந்த சட்டம் அது. ஆணும் ஆணும் உறவுகொண்டால் சிறை. பெண்களைப் பற்றி அந்தப் பிரிவு பேசவே இல்லை. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையே அப்படி ஒன்று இருக்க முடியும் என்று சட்டம் எழுதியவர்கள் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான்!

சிறைத் தண்டனையைவிடப் பெரிய கொடுமை, இந்தச் சட்டத்தை நம்பிப் பிழைத்த ஒரு கூட்டம். பிளாக்மெயில் கும்பல். யாராவது வசதியானவரோடு பழகுவது, பிறகு போலீஸில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பது. பணம் கொடுத்தவர் புகாரும் கொடுக்க முடியாது. கொடுத்தால் அவரே 175-ல் உள்ளே போக வேண்டும். இப்படிச் சொத்து இழந்தவர்களும் உயிரை விட்டவர்களும் ஹிர்ஷ்ஃபெல்டின் கிளினிக்கில் வெறும் பெயர்கள் அல்ல. அவரிடம் வந்து உட்கார்ந்து அழுதவர்கள்.

சட்டத்தை நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனு தயாரித்தார். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: ஐன்ஸ்டைன், தாமஸ் மன், ஹெர்மன் ஹெஸ்ஸே, ரில்கே. காலப்போக்கில் கையெழுத்துகள் 5,000-ஐத் தாண்டின. 1898-ல் சோஷலிஸ்ட் தலைவர் ஆகஸ்ட் பேபல் இதை நாடாளுமன்றத்தில் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை.

நடுவில் ஹிர்ஷ்ஃபெல்ட் சறுக்கிய இடமும் உண்டு. 1907-ல் ஜெர்மன் சக்கரவர்த்தியின் நெருங்கிய வட்டத்தைச் சேர்ந்த ஒரு தளபதி, தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று எழுதிய பத்திரிகையாளர் மீது அவதூறு வழக்குப் போட்டார். அதில் நிபுணர் சாட்சியாகப் போன ஹிர்ஷ்ஃபெல்ட், தளபதி அப்படிப்பட்டவர்தான் என்று கோர்ட்டில் சொன்னார். பெரிய மனிதர்களிலும் இவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் சமூகம் மாறும் என்பது அவர் கணக்கு. கணக்கு அடியோடு தப்பியது. நாடே கொந்தளித்தது, யூத டாக்டர் ஒருவர் ஜெர்மன் ராணுவத்தின் மானத்தை வாங்கிவிட்டார் என்று பத்திரிகைகள் பாய்ந்தன. மறு விசாரணையில் அவர் தன் கருத்தைத் திரும்பப் பெற்றார். அடுத்தவர் வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் சபையில் போட்டு உடைக்கிற வேலைதானே பிளாக்மெயில்காரனும் செய்கிறான்? அந்த ஒரு முறை டாக்டருக்கு இது உறைக்கவில்லை.

சென்சார் இல்லாத ஒன்றரை வருஷம்

1918 நவம்பரில் முதல் உலகப் போர் முடிந்தது. ஜெர்மனியில் புரட்சி. மன்னர் ஓடிப்போனார். வந்த புதிய அரசு முதல் வேலைகளில் ஒன்றாகத் தணிக்கையை நீக்கியது. சினிமாவுக்கு சென்சாரே கிடையாது!

தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? பாலியல், போதை, விபச்சாரம் என்று விழிப்புணர்வுப் படம் என்ற பெயரில் வரிசையாக வந்து இறங்கின. பாதிக்கு மேல் வெறும் வசூல் நோக்கம்தான். இந்த வகைக்கு வழிகாட்டிய இயக்குநர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட். பால்வினை நோய் பற்றி 1917-லேயே படம் எடுத்து ஹிட் கொடுத்தவர். அவரும் ஹிர்ஷ்ஃபெல்டும் கைகோத்தார்கள். 20 வருஷமாக மனு போட்டும் கூட்டம் போட்டும் எட்டாத மக்களை ஒரு சினிமா எட்டிவிடும் என்பதை டாக்டர் புரிந்துகொண்டிருந்தார்.

1919 மே மாதம் பெர்லினில் படம் வெளியானது. கதை இதுதான்.

பால் கோர்னர் புகழ்பெற்ற வயலின் கலைஞர். காலையில் பேப்பரைத் திறந்தால், காரணம் தெரியாத தற்கொலைச் செய்திகள். காரணம் அவருக்குத் தெரியும். மனக்கண்ணில் ஓர் ஊர்வலம் போகிறது. டாவின்சி, சைகோவ்ஸ்கி, ஆஸ்கர் வைல்டு என்று வரலாற்றின் பெரிய பெயர்கள். அவர்கள் தலைக்கு மேலே 175 என்று எழுதிய ஒரு வாள் தொங்குகிறது.

கர்ட் என்ற இளைஞன் வயலின் கற்க வருகிறான். குருவுக்கும் சீடனுக்கும் இடையே அன்பு வளர்கிறது. இருவரும் பூங்காவில் நடந்துபோகும்போது போலெக் என்ற பிளாக்மெயில்காரன் பார்த்துவிடுகிறான். பாலை முன்பே தெரிந்தவன். பணம் கேட்கிறான், பால் கொடுக்கிறார். மறுபடி கேட்கிறான், மறுபடி கொடுக்கிறார். ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று பால் மறுத்துவிட, விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது. மிரட்டிய குற்றத்துக்காகப் போலெக்குக்குத் தண்டனை. 175-வது பிரிவில் பாலுக்கும் தண்டனை, மிகக் குறைந்த அளவாக ஒரே ஒரு வாரம். நீதிபதிக்கே அனுதாபம்தான், ஆனால் சட்டம் விடவில்லை.

ஒரு வாரம்தானே என்று தோன்றும். ஆனால் கச்சேரிகள் ரத்தாகின்றன. பழகியவர்கள் முகம் திருப்புகிறார்கள். அப்பா கைவிடுகிறார். பால் விஷம் குடித்து இறந்துபோகிறார். சவப்பெட்டி முன்னால் கர்ட்டும் சாகத் துடிக்கிறான். அப்போது டாக்டர், அதாவது ஹிர்ஷ்ஃபெல்ட், குறுக்கே வந்து தடுக்கிறார். செத்துப்போவது நீ அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல, உயிரோடு இருந்து இந்த அநியாயத்தோடு போராடு என்கிற மாதிரி அவனைத் திருப்புகிறார். கடைசியில் சட்டப் புத்தகத்தின் பக்கம் திரையில் வருகிறது; ஒரு கை வந்து 175-வது பிரிவை அடித்துவிடுகிறது.

தெரிந்த முகங்கள்

பால் கோர்னராக நடித்தவர் கான்ராட் ஃபைட். ‘காசாபிளாங்கா’ படத்தில் நாஜி அதிகாரியாக வருவாரே, அவரேதான். 1928-ல் ‘த மேன் ஹூ லாஃப்ஸ்’ படத்தில் இவர் போட்ட சிரிப்பு மேக்கப்தான் பேட்மேன் கதையின் ஜோக்கருக்கே முன்மாதிரி. இதில் அவர் வசனமே இல்லாமல் வெளிறிய முகத்தாலும் நீண்ட விரல்களாலும் பயத்தைக் காட்டுகிறார். பிளாக்மெயில்காரனாக வந்த ரைன்ஹோல்ட் ஷூன்ஸெல் பிறகு இயக்குநராகி, ஆண் வேஷம் போடும் பெண்ணின் கதையான ‘விக்டர் உண்ட் விக்டோரியா’வை 1933-ல் எடுத்தார்.

இன்னொரு முகம் முக்கியமானது. ஃபிளாஷ்பேக்கில் பள்ளிக்கூட வயது பாலாக வரும் இளைஞர் கார்ல் கீஸே. பிற்பாடு ஹிர்ஷ்ஃபெல்டின் காரியதரிசியாகவும் வாழ்க்கைத் துணையாகவும் இருந்தவர் இவர்தான்.

படத்தை இந்தத் தகவலோடு பார்த்தால் வேறு மாதிரி தெரியும். திரையில் டாக்டர் ஹிர்ஷ்ஃபெல்ட் ஒரு நடுநிலையான விஞ்ஞானி. கோட்டு, கண்ணாடி, படங்கள் காட்டி விரிவுரை. நோயாளிகளைப் பற்றிப் பேசும் வெளியாள். ஆனால் அவரும் தன்பாலீர்ப்பாளர்தான். அதை வாழ்நாளில் ஒருபோதும் பொதுவெளியில் அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நொடியே விஞ்ஞானி என்ற தகுதி போயிருக்கும்; தனக்காகப் பேசுகிறான் என்று ஒதுக்கியிருப்பார்கள். வெளிப்படையாக இரு என்று ஒரு நாட்டுக்கே சொன்ன படத்தில், சொன்னவர் முகமூடியோடுதான் நிற்கிறார். 1919-ல் அதற்கு மேல் போக யாராலும் முடிந்திருக்காது.

குறைகளும் உண்டு. தன்பாலீர்ப்பாளர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்ட ஒரு வகை என்ற தன் கோட்பாட்டை ஹிர்ஷ்ஃபெல்ட் படத்துக்குள்ளேயே பாடமாக எடுக்கிறார். பிறவியிலேயே அப்படி, அவர்கள் தப்பு அல்ல, இரக்கம் காட்டுங்கள் என்ற தொனி. இன்றைய பார்வையாளருக்கு அந்த இரக்கம் கொஞ்சம் உறுத்தும். அன்றைக்கே இந்த இயக்கத்துக்குள் இருந்த சிலர் அதை ஏற்கவில்லை.

ஓடியது, தடை வந்தது

படத்துக்குக் கூட்டம் வந்தது. கூடவே கலாட்டாவும். எதிர்ப்பாளர்கள் தியேட்டருக்குள் புகுந்து காட்சிகளை நிறுத்தினார்கள். இயக்குநரும் டாக்டரும் யூதர்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு, இது ஜெர்மன் இளைஞர்களைக் கெடுக்கும் யூதச் சதி என்று பிரசாரம் கிளம்பியது. 1920 அக்டோபரில் மியூனிக்கில் விரிவுரை முடித்துத் திரும்பிய ஹிர்ஷ்ஃபெல்டை ஒரு கும்பல் அடித்துத் தெருவில் போட்டுவிட்டுப் போனது. அவர் இறந்துவிட்டதாகச் செய்தியே வந்துவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி தன் சாவுச் செய்தியைத் தானே படித்தார்.

1920 மே மாதம் ஜெர்மனியில் புதிய சினிமா சட்டம் வந்து சென்சாரும் திரும்பியது. அந்தக் கெடுபிடிக்குக் காரணமான படங்களில் இதுவும் ஒன்று; மாட்டிக்கொண்ட முதல் படங்களிலும் ஒன்று. கருத்துக் கேட்க அழைக்கப்பட்ட மனநல நிபுணர்களில் ஆல்பர்ட் மோல், எமில் கிரெபெலின் போன்றவர்கள் ஏற்கெனவே ஹிர்ஷ்ஃபெல்டின் எதிர் முகாம். முடிவு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? இளைஞர்களைக் குழப்பும் என்று பொதுத் திரையிடலுக்குத் தடை. டாக்டர்கள், ஆராய்ச்சியாளர்கள் மட்டும் மூடிய அறைக்குள் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட மூடிய அறை ஒன்று ஹிர்ஷ்ஃபெல்டிடமே இருந்தது. படம் வெளியான சில வாரங்களில், 1919 ஜூலையில், பெர்லினில் அவர் பாலியல் அறிவியல் நிறுவனத்தைத் திறந்திருந்தார். கட்டடம், ஜோசஃப் யோவாக்கிம் என்ற மாபெரும் வயலின் மேதை ஒரு காலத்தில் வாழ்ந்த வீடு. படத்தின் ஹீரோ வயலின் கலைஞர் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் வேடிக்கையான பொருத்தம்தான்! கிளினிக், நூலகம், மியூசியம், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். திருநர்களுக்கான ஆரம்பகால அறுவை சிகிச்சைகளும் இந்த நிறுவனத்தின் வழியாகத்தான் நடந்தன.

அங்கே தங்கியவர்களில் ஒருவர் இங்கிலாந்து எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட். இந்தப் படத்தை அவர் பெர்லினில் பார்த்ததைப் பல வருஷம் கழித்துத் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். இஷர்வுட்டின் பெர்லின் கதைகள்தான் பிறகு 1972-ல் ‘கேபரே’ படமாக வந்து 8 ஆஸ்கர் வாங்கின.

1927-ல் ஹிர்ஷ்ஃபெல்ட் ஒரு காரியம் செய்தார். ‘கெசெட்ஸே டெர் லீபெ’, அதாவது காதலின் விதிகள், என்ற புதிய டாக்குமென்டரி. அதன் ஒரு பகுதியாக, தடைபட்ட பழைய படத்தைச் சுமார் 40 நிமிடத்துக்குச் சுருக்கி உள்ளே வைத்துவிட்டார். நேர் வாசல் அடைத்தால் பின் வாசல்! சென்சார் அதிலும் கத்திரி போட்டது. ஆனால் இந்தச் சின்ன தந்திரம் பிற்பாடு எவ்வளவு பெரிய உபகாரமாகப் போகிறது என்று அவருக்கே அப்போது தெரியாது.

ஒரு ஓட்டு தூரம்

1929 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு ஒன்று 175-வது பிரிவை நீக்கலாம் என்று ஓட்டுப் போட்டது. படத்தின் கடைசி ஷாட் நிஜமாகப் போகிறது என்றே தோன்றியிருக்கும். மிச்சம் இருந்தது முழு அவையின் ஓட்டு மட்டும். அதே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது, ஜெர்மன் பொருளாதாரமும் கவிழ்ந்தது, நாஜிகள் வளர்ந்தார்கள். அந்த ஓட்டு நடக்கவே இல்லை.

பெண்களின் கதையும் இந்தக் காலத்தில்தான் திரைக்கு வந்தது. 1931-ல் லியோன்டீன் சாகன் என்ற பெண் இயக்கிய ‘மேட்ஹென் இன் யூனிஃபார்ம்’, கண்டிப்பான விடுதிப் பள்ளியில் ஆசிரியை மீது காதல்கொள்ளும் மாணவியின் கதை. நடித்தவர்கள் அனைவரும் பெண்கள். அந்த மாணவி உயிரை விடப் போகும் கட்டத்தில் தோழிகள் ஓடிவந்து காப்பாற்றுகிறார்கள். சவப்பெட்டி முன்னால் டாக்டர் செய்த வேலையை இங்கே பள்ளித் தோழிகள் செய்தார்கள் என்று சொல்லலாம்.

இதற்குள் ஹிர்ஷ்ஃபெல்ட் ஜெர்மனியில் இல்லை. 1930 கடைசியில் அமெரிக்காவுக்கு விரிவுரைக்குக் கிளம்பியவர், அங்கிருந்து ஜப்பான், சீனா, இலங்கை, இந்தியா, எகிப்து என்று உலகத்தையே சுற்றினார். ஷாங்காயில் அறிமுகமான லி ஷியு டோங் என்ற மருத்துவ மாணவர் கூடவே வந்தார்; கடைசிவரை துணையாக இருந்தார். 1931-ல் இந்தியா வந்தபோது நேருவைச் சந்தித்தார். இந்தியர்களின் குடும்ப வாழ்க்கையை இழிவாகச் சித்தரித்த கேத்தரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ புத்தகத்தை மறுத்தார், இந்திய விடுதலையை ஆதரித்தார். அவர் வந்த இந்தியாவிலும் ஒரு 175 இருந்தது. பிரிட்டிஷார் 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு. வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவை அதிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பரில்தான்.

1932-ல் ஐரோப்பா திரும்பியவர், நிலைமையைப் பார்த்து ஜெர்மனிக்குள் கால் வைக்கவில்லை. 1933 மே 6-ம் தேதி காலை, மாணவர் படை ஒன்று பேண்டு வாத்தியத்தோடு அவருடைய நிறுவனத்துக்குள் நுழைந்து அடித்து நொறுக்கியது. பிற்பகலில் நாஜி அதிரடிப் படையினர் வந்து மிச்சத்தை லாரியில் ஏற்றினார்கள். நான்கு நாள் கழித்து எல்லாம் தீயில். அதைத்தான் பாரிஸ் தியேட்டரில் அவர் பார்த்தார்.

பாரிஸில் மறுபடியும் ஒரு நிறுவனம் தொடங்கப் பார்த்தார், கைகூடவில்லை. தெற்கு பிரான்ஸில் நீஸ் நகரத்துக்குப் போனார். 1935 மே 14, சரியாக 67-வது பிறந்த நாளில், மாரடைப்பில் இறந்தார். அதே வருஷம் நாஜிகள் 175-ஐ இன்னும் கடுமையாக்கினார்கள். அவர்கள் ஆட்சியில் இந்தப் பிரிவில் தண்டிக்கப்பட்டவர்கள் சுமார் 50,000 பேர். ஆயிரக்கணக்கானவர்கள் வதைமுகாம்களுக்குப் போனார்கள். கார்ல் கீஸே 1938-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் தற்கொலை செய்துகொண்டார். லி மட்டும் டாக்டரின் உடைமைகளை ஒரு சூட்கேஸில் வைத்து நாடு நாடாகச் சுமந்தார். 1993-ல் கனடாவின் வான்கூவரில் அவர் இறந்தபோது, அது குடியிருப்பின் குப்பைப் பக்கம் போய்விட்டது. யாரோ ஒருவர் எடுத்து வைத்ததால் பிழைத்தது.

சாவு மட்டும் மிச்சம்

ஹாலிவுட்டில் 1934 முதல் ஹேய்ஸ் கோட் என்ற தணிக்கை விதி கறாராக அமலானது. தன்பாலீர்ப்பை வெளிப்படையாகக் காட்டவே முடியாது. ஜாடை காட்டலாம், அதுவும் பெரும்பாலும் கோமாளியாகவோ கொலைகாரனாகவோ. 1961-ல் விதி தளர்ந்தது. அந்த வருஷமே ‘த சில்ட்ரன்ஸ் ஹவர்’ வந்தது; தன் தோழியைக் காதலிப்பதை உணர்ந்த ஆசிரியை தூக்கில் தொங்குகிறார். அதன் பிறகும் பல வருஷம் இதே முடிவுதான். இப்படித் திரையில் செத்தவர்களை விட்டோ ருஸ்ஸோ என்ற அமெரிக்க எழுத்தாளர் எண்ணி, தன் ‘த செல்லுலாய்டு குளோசட்’ புத்தகத்தில் மரணப் பட்டியலாகவே போட்டார்.

ஹிர்ஷ்ஃபெல்டின் படத்திலும் ஹீரோ சாகிறார்தான். ஆனால் அங்கே கொன்றது யார் என்று படம் விரல் நீட்டிச் சொன்னது: ஒரு சட்டம், ஒரு பிளாக்மெயில்காரன், முகம் திருப்பிய ஊர். பின்னால் வந்த படங்கள் அந்த விரலை மடக்கிவிட்டு, சாவை மட்டும் எடுத்துக்கொண்டன. இப்படிப்பட்டவர்களுக்கு இதுதான் கதி என்பதுபோல ஆகிவிட்டது.

விதிவிலக்காக 1961-லேயே பிரிட்டனில் ‘விக்டிம்’ வந்தது. டர்க் போகார்டு அதில் ஒரு வக்கீல். பிளாக்மெயில் கும்பல் ஓர் இளைஞனைச் சாகடித்த பிறகு, தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று வழக்குக்குத் தயாராகிறார். 42 வருஷம் முந்தைய பெர்லின் கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, ஹீரோ மட்டும் சாகவில்லை. பிரிட்டனில் சட்டம் மாறியது 1967-ல்.

மேற்கு ஜெர்மனி நாஜிகள் கடுமையாக்கிய 175-ஐப் போருக்குப் பிறகும் 1969 வரை மாற்றாமலே வைத்திருந்தது. முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்கள் அதே சட்டத்தில் மறுபடி உள்ளே போனதும் உண்டு. பிரிவு முழுதாக நீங்கியது 1994-ல்.

படம் என்னாச்சு? 1919-ல் வந்த முழுப் படத்தின் பிரதி ஒன்றுகூட இல்லை. ஆனால் 1927-ல் டாக்டர் சுருக்கிச் செருகினாரே, அந்த டாக்குமென்டரியின் ஒரு பிரதி சோவியத் யூனியனுக்குப் போயிருந்தது. நாஜிகளின் கைக்கு எட்டாத அந்தச் சுருளிலிருந்துதான் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகமும், பிறகு அமெரிக்காவின் யுசிஎல்ஏ ஆவணக் காப்பகமும் படத்தை மீட்டெடுத்தன. இன்று போனிலேயே பார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுநடுவே காட்சி நின்று, அசையாத ஒரு போட்டோவும் நாலு வரி விளக்கமும் வரும். நெட் பிரச்சினை இல்லை, அந்த இடத்துப் ஃபிலிம் இன்னும் கிடைக்கவில்லை.